எதிலும் வகுபடாத ஆயிரத்து ஒன்பது

காஜா பெராங்கில் மாணிக்கவாசகம் வீடு எது என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். கணக்குக் கிராணி வீடு என்றால் வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். நில அளவை ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. பஸ் டிக்கெட் எண் எதிலாவது வகுபடுகிறதா என்று பார்க்காமல் அதைப் பையில் போடமாட்டார். வகுபடாத எண் கிடைத்த நாளில், குழம்பில் உப்பில்லை என்பதுகூட அவருக்கு உறைக்காது என்பாள் மனைவி சந்திரமதி.

1957இல் மலாயாவின் முதல் சுதந்திர தினத்துக்குத் திடலில் தமிழர்கள் அணிவகுத்து நிற்பது என்று ஊர்ச் சங்கம் தீர்மானித்தது. ஜவுளிக்கடை சேதுபதிதான் தலைவர். மங்கலமாக இருக்கட்டும் என்று ஆயிரத்தெட்டுப் பேரைச் சேர்த்தார். சேர்த்த பிறகு, தலைவர் இல்லாமல் என்ன அணி என்று தம் பெயரையும் எழுதிக்கொண்டார். வரிசை பிரிக்கும் வேலை கிராணியிடம் வந்தது.

மறுநாளே கூட்டத்துக்கு வந்து நின்றார்.

"தலைவரே, இத சமமா வரிசை கட்ட முடியாது. ஆயிரத்து ஒம்பது பகா எண்."

"யாரு சொன்னது?"

"ரெண்டுலேர்ந்து முப்பத்தொண்ணு வரைக்கும் வகுத்துப் பாத்தேன். எல்லாத்துலயும் மீதி நிக்குது. அதுக்கு மேல எது வகுத்தாலும் ஈவு முப்பத்தொண்ணத் தாண்டாது. அதத்தான் பாத்தாச்சே."

செயலாளர் கணேசமூர்த்தி கண்ணாடியைக் கழற்றினார். "வெள்ளக்காரன் போற நேரத்துல இப்படி ஒரு நம்பர் வருதுன்னா, அவன் கை இருக்கும்."

ஒருவரைக் குறைத்தால் தீர்ந்தது என்றார் கிராணி. எல்லோரும் பட்டியலைப் பார்த்தார்கள். தலைவரை யாரும் பார்க்கவில்லை. அப்படியானால் ஒருவரைச் சேர்க்கலாம் என்றார் கிராணி. "எனக்குச் சமமா நிக்க இன்னொருத்தன் யாரு லா?" என்று தலைவர் கேட்டார். கடைசியில், ஆயிரத்து ஒன்பது பத்தால் வகுபட வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றினார்கள். பதினோரு பேர் ஆதரவு. கிராணி மட்டும் கை தூக்கவில்லை.

மூன்று நாள் காகிதமும் பென்சிலுமாகக் கிடந்து ஒரு வழி கண்டுபிடித்தார்.

"இருபத்தெட்டுக்கு இருபத்தெட்டு ஒரு சதுரம், பதினஞ்சுக்குப் பதினஞ்சு ஒரு சதுரம். ரெண்டும் சேந்தா சரியா ஆயிரத்து ஒம்பது."

கைதட்டினார்கள். தட்டி முடிவதற்குள் கணேசமூர்த்தி கேட்டார்: "சின்னச் சதுரத்துல யாரு நிக்கிறது?"

தலைவர் அதற்குள் பெரிய சதுரத்தின் முன்வரிசையில் தம்மை எழுதிவிட்டிருந்தார்.

"ரெண்டையும் ஒரே அளவா ஆக்குங்க, கிராணி," என்றார் கணேசமூர்த்தி.

"முடியாதுங்க. ரெண்டு சதுரமா இத ஒரே ஒரு விதமாத்தான் போட முடியும்."

சின்னச் சதுரம் கணேசமூர்த்திக்கும் அவரைச் சேர்ந்தவர்களுக்கும் விழுந்தது.

சுதந்திர தினத்தன்று காலை கிராணியும் சந்திரமதியும் திடல் ஓரத்து மரத்தடியில் நின்று பார்த்தார்கள். ஓர் ஆள் கூடவில்லை, குறையவில்லை. மூலைகள் நறுக்கென்று நின்றன. கிராணிக்குக் கண் கலங்கிவிட்டது. ஏன் இரண்டு கூட்டம் என்று விருந்தினர் ஒருவர் கேட்டதற்கு, இரண்டு பக்கமும், "அவங்க வேற" என்று சொன்னது கிராணியின் காதில் விழவில்லை.

ஒரு மாதம் முடிவதற்குள் சின்னச் சதுரம் தனிச் சங்கமாகி, ரப்பர் முத்திரையும் செய்துகொண்டது. தமிழர் ஒற்றுமையைக் கெடுத்தவர் கணக்குக் கிராணி என்பதில் மட்டும் இரண்டு சங்கங்களும் ஒன்றாக இருந்தன. தீபாவளி விருந்துக்கு இரண்டுமே அவரை அழைக்கவில்லை.

"பிரிக்கவே முடியாதுன்னுதானே நான் முதல்ல சொன்னேன்?" என்றார் மனைவியிடம்.

"அத அவங்ககிட்டப் போயி சொல்லுங்க," என்றாள் சந்திரமதி.

போனார். இரண்டு சங்கத்திலும் கதவு சாத்தியிருந்தது.