ஆரணி யாருக்கு சலூட் அடிப்பாள்? மியூன்ஸ்டரில் ஒரு சனிக்கிழமை

கடந்த ஏப்ரல் இரண்டாவது சனிக்கிழமை நான் மியூன்ஸ்டருக்குப் போனதற்குக் காரணம் ஒரு கேள்வி. கேட்டவர் கனகு அண்ணை. ஜேர்மனியின் வுப்பர்டால் நகரில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் இருக்கிறார். வயது அறுபத்திரண்டு, முதியோர் இல்லமொன்றில் சமையல் வேலை. அவருடைய மகள் ஆரணி பொலிசில் சேர்ந்து மியூன்ஸ்டரில் முதலாம் ஆண்டு படிக்கிறாள். மே மாதம் அவளும் கூடப் படிப்பவர்களும் உறுதிமொழி எடுக்கும் விழா. அண்ணை அதற்கு வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவருடைய மனைவி பூமணி அக்கா கேட்டுக் கேட்டுக் களைத்துப்போயிருந்தார்.

ஒருநாள் படிக்கட்டில் என்னை மறித்து, "தம்பி, இந்த நாட்டின்ர பொலிஸ் மா அதிபர் ஆர்?" என்றார் அண்ணை.

இருபத்தேழு வருடமாக இங்கே இருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. தொலைபேசியில் தேடிப் பார்த்தால் வரிசையாகப் பொலிஸ் தலைவர்கள் வருகிறார்கள், ஊருக்கு ஒருவர். இலங்கையில் முழு நாட்டுப் பொலிசுக்கும் ஒரே ஒரு பொலிஸ் மா அதிபர். தமிழ்நாட்டிலிருந்து வாசிப்பவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. உங்களுக்கு மாநிலத்துக்கு ஒரு டி.ஜி.பி. இருக்கிறார். எங்களுக்கு அப்படியில்லை, மேலே பார்த்தால் ஒரே ஒரு கதிரைதான், அதில் ஒரே ஆள்.

"இவள் ஆருக்கு சலூட் அடிக்கப்போறாள் எண்டு எனக்குத் தெரிய வேணும்," என்றார் அண்ணை. "அது தெரியாமல் நான் அங்க வந்து குந்தியிருக்க ஏலாது."

இதை ஆரணியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. மியூன்ஸ்டரில் ஒரு பழைய பங்களா இருக்கிறது, பொலிஸ் படிக்கிறவர்களை அங்கே கூட்டிப்போய்க் காட்டுவார்கள், அப்பாவை அங்கே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள். அப்படித்தான் இந்தப் பயணம் அமைந்தது.

காலை 8.40க்கு வுப்பர்டாலில் ரயில் ஏறினோம். மியூன்ஸ்டர் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேலே. நாடு முழுக்கச் செல்லும் மாதச் சீட்டு வைத்திருந்தால் தனியாகச் சீட்டு எடுக்கத் தேவையில்லை (இதை எழுதும்போது மாதம் 63 யூரோ). அதிவேக, நெடுந்தூர ரயில்களில் மட்டும் அது செல்லாது. இடப்பக்க யன்னலோரம் பிடியுங்கள் என்று எழுத ஆசைதான், ஆனால் ஹாகன் தாண்டிய பிறகு இரண்டு பக்கமும் ஒரே வயல்தான்.

அந்த வயல்களைப் பார்த்துக்கொண்டுதான் அண்ணை தன் பழைய வேலையைப் பற்றிச் சொன்னார். இத்தனை வருடம் பழகியும் எனக்கு அது தெரியாது. நாட்டை விட்டு வருவதற்கு முன்பு மூன்று வருடம் ஒரு தட்டச்சுக் கடையில் இருந்தாராம். கடை நீதிமன்றத்துக்கு எதிர்ப்பக்கம். சனங்கள் வந்து அழுதுகொண்டு சொல்வதை இவர் ஆங்கிலத்தில் மனுவாக அடித்துக் கொடுப்பார். மகனைக் காணவில்லை, சைக்கிளைப் பறித்துவிட்டார்கள், காணிச் சண்டை, எல்லாம் வரும். யாருக்கு எழுத வேண்டும் என்று கேட்டால் எல்லாரும் ஒரே விலாசத்தைத்தான் சொல்வார்களாம்: பொலிஸ் மா அதிபர், கொழும்பு. பதில் வந்ததா வரவில்லையா என்று இவருக்குத் தெரியாது. மனுவை வாங்கிப்போனவர்கள் அதைச் சொல்ல ஏன் கடைக்குத் திரும்பி வரப்போகிறார்கள்? அதனால்தான், பொலிஸ் என்ற சொல்லைக் கேட்டால் முதலில் அந்த மேல் விலாசம்தான் நினைவுக்கு வருகிறது என்றார்.

10.20க்கு மியூன்ஸ்டர். நிலைய வாசலில் ஆரணி சைக்கிளோடு நின்றாள். சீருடை இல்லை, சாதாரண ஜீன்ஸ். அண்ணை அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மெலிந்துவிட்டாய் என்று மட்டும் சொன்னார்.

பங்களா பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் திறக்கும் என்பதால் தேவாலயச் சதுக்கத்துக்கு நடந்தோம். நிலையத்திலிருந்து கால் மணி நேரம். சனிக்கிழமைகளில் அங்கே பெரிய சந்தை. உருளைக்கிழங்கைத் துருவிப் பொரித்த அடை, அப்பிள் களியோடு, மூன்று துண்டு ஐந்து யூரோ. அண்ணை ஒரு கடி கடித்துவிட்டு உப்புக் குறைவு என்றார், பிறகு இன்னொரு தட்டும் வாங்கினார். சமையல்காரரைக் கூட்டிக்கொண்டு பயணம் போனால் இதெல்லாம் இருக்கும். இந்த ஊரில் நடக்கும்போது சைக்கிள் பாதையில் மட்டும் கால் வைக்காதீர்கள், மணி அடிக்க மாட்டார்கள், நேராக வந்து இடிப்பார்கள்.

சதுக்கத்தில் போட்டிருந்த மரவாங்கில் உட்கார்ந்தபடியே ஆரணி அவருடைய கேள்வியை எடுத்தாள். "அப்பா, இஞ்ச அப்பிடி ஒரு ஆள் இல்லை. வேணுமெண்டுதான் வைக்கேல்லை."

பதினாறு மாநிலங்கள், பதினாறு பொலிஸ். அவளுடைய மாநிலத்தில் பெரிய நகரங்களுக்கு ஒரு பொலிஸ் தலைவர், கிராமப்புற மாவட்டங்களில் மக்கள் தெரிவு செய்த மாவட்டத் தலைவரே பொலிசுக்கும் பொறுப்பு. மத்திய அரசுக்கும் பொலிஸ் உண்டு, அதற்கும் தலைவர் உண்டு, ஆனால் அவர்கள் பார்ப்பது எல்லைகள், ரயில், விமான நிலையம். பெரிய குற்றங்களை விசாரிக்கும் மத்திய அலுவலகம் வேறு. இவர்களில் ஒருவரும் மற்ற மாநிலத்துப் பொலிசுக்குக் கட்டளை போட முடியாது.

முந்தியும் இப்படியா என்று அண்ணை கேட்டார். அதற்குப் பதில் பங்களாவில் இருக்கிறது என்றாள்.

நிலையத்தின் பின்பக்க வாசலால் வெளியே வந்தால் பங்களா இருபது நிமிட நடை. பார்த்தால் பணக்காரர் வீடு மாதிரித்தான், மரங்கள் நிற்கும் அமைதியான தெரு. நுழைவு இலவசம். உள்ளே போனதும் ஆரணி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

நாசிக் கட்சியினர் ஆட்சியைப் பிடித்த பிறகு, மாநிலங்களிடம் இருந்த பொலிசை எல்லாம் பறித்து ஒன்றாக்கினார்கள். 1936இல் முழு நாட்டுப் பொலிசுக்கும் ஒரே தலைவர் என்று ஒரு பதவியை உண்டாக்கி, நாசிப் படையின் தலைவரையே அதில் இருத்தினார்கள். போர்க்காலத்தில் இந்தப் பகுதியின் சீருடைப் பொலிசுக்கு இந்தப் பங்களாதான் கட்டளையகம். இங்கிருந்து அனுப்பப்பட்ட பொலிஸ்காரர்கள் கிழக்கு ஐரோப்பிய நாடுகளில் யூத மக்களைக் கொல்வதில் பங்கெடுத்தார்கள். போர் முடிந்ததும் வென்ற நாடுகள் முதலில் செய்த வேலைகளில் ஒன்று பொலிசைத் துண்டு துண்டாகப் பிரித்தது. கிழக்கு ஜேர்மனி மட்டும் மறுபடி ஒரே தலைமையை வைத்துக்கொண்டது, நாடு ஒன்றாகும்வரை.

சுவரில் அந்தப் பொலிஸ்காரர்களின் படங்கள். நடுத்தர வயது ஆட்கள், சிலர் தொப்பையோடு, ஒருவர் நாய்க்குட்டியைப் பிடித்துக்கொண்டு. அண்ணை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு ஆரணியைக் கூப்பிட்டு, மாட்டேன் என்று சொன்னவர்களும் இருந்தார்களா, அவர்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அங்கே வேலை செய்யும் பெண்மணி ஒருவர் பக்கத்தில் நின்றார். ஆரணி அவரிடம் கேட்டு மொழிபெயர்த்தாள். மறுத்தவர்கள் இருந்தார்கள். பதவி உயர்வு போயிருக்கும், கேலி செய்திருப்பார்கள். ஆனால் சுட மறுத்ததற்காக ஒருவர் சுடப்பட்டார் என்பதற்கு ஆய்வாளர்களுக்கு ஆதாரம் கிடைக்கவில்லையாம்.

"அப்ப வேற வழியில்லாமல் செய்தவை எண்டு சொல்லேலாது," என்றார் அண்ணை, யாருக்கென்று இல்லாமல்.

எனக்குத் தெரியாத இன்னொன்றும் அங்கே இருந்தது. போருக்குப் பிறகு சில காலத்தில் இதே பங்களா இழப்பீட்டு அலுவலகமாக மாறியிருக்கிறது. தப்பி வந்தவர்களும் இறந்தவர்களின் உறவினரும் கொடுத்த விண்ணப்பங்களை இங்கிருந்துதான் முடிவு செய்தார்கள். அந்த அறையில் கோப்புகள் வைத்திருக்கிறார்கள். தட்டச்சில் அடித்த கடிதங்கள், பதிவு முத்திரை, ஓரத்தில் அதிகாரியின் பென்சில் குறிப்பு, அதன்பின் பதில். சில பதில்கள் வர வருடங்கள் எடுத்திருந்தன. மறுக்கப்பட்டவையும் இருந்தன. நானும் ஆரணியும் மற்ற அறைகளைச் சுற்றி முடித்து வந்தபோதும் அண்ணை அந்த ஒரே அறையில்தான் நின்றார். கடிதத்தையும் பதிலையும் ஒன்றாகத் தான் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்றார்.

வெளியே வந்து மதிலோரம் நின்றோம். அப்போதுதான் ஆரணி உறுதிமொழியைப் பற்றிச் சொன்னாள். நாசி காலத்து உறுதிமொழியில் ஓர் ஆளின் பெயர் இருந்தது, அந்த ஆளுக்கு விசுவாசமாக இருப்பேன் என்று எல்லா அரச ஊழியரும் சொல்ல வேண்டும். இவர்கள் சொல்லப்போவதில் ஒருவர் பெயரும் இல்லை. அரசியலமைப்பையும் சட்டத்தையும் காப்பேன், எல்லோருக்கும் நீதியாக நடப்பேன் என்பதுதான் சாரம்.

"மேல இருந்து பிழையான கட்டளை வந்தா, அது பிழை எண்டு நான் சொல்லியே ஆக வேணும், அப்பா. அது சட்டத்தில இருக்கு."

"சட்டத்தில இருக்கும். நீ சொல்லுவியே?"

ஆரணி சைக்கிள் பூட்டைத் திறந்தாள், திரும்பப் பூட்டினாள், மறுபடி திறந்தாள். "தெரியேல்லை அப்பா," என்றாள். "சொல்லுவன் எண்டுதான் நினைக்கிறன்."

அவர் கோபிக்கப்போகிறார் என்று நான் நினைத்தேன். அண்ணை தலையாட்டினார். "உடன ஓம் எண்டிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டன்." கொஞ்சத் தூரம் நடந்த பிறகு, விழாவுக்கு ஒரு பிள்ளைக்கு எத்தனை பேர் வரலாம் என்று கேட்டார். மூன்று என்றாள். அப்படியென்றால் தம்பியையும் சேர்த்துக்கொள் என்றார். அந்தத் தம்பி நான்தான். ஆரணி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சைக்கிளைத் தள்ளினாள்.

மாலை 5.30 ரயிலில் திரும்பினோம். ஹம் நிலையத்தில் மாற வேண்டும், இருபது நிமிடம் இருந்தது. நான் கோப்பி வாங்கப் போனேன். திரும்பி வரும்போது தூரத்தில் அண்ணைக்கு முன்னால் இரண்டு பொலிஸ்காரர்கள் நிற்பதைக் கண்டேன். ஜேர்மன் குடியுரிமை கிடைத்து எத்தனையோ வருடமாகியும், சீருடையைக் கண்டால் கேட்பதற்கு முன்பே அடையாள அட்டையை எடுத்து நீட்டுகிறவர் அவர். ஓடிப்போனால், அட்டை அவர் கையில் இல்லை. வுப்பர்டால் ரயில் எந்த மேடையில் வரும் என்று அவரே போய்க் கேட்டிருக்கிறார். மேடை மாறியிருக்கிறது என்று அவர்கள் சொல்லி, படிக்கட்டையும் காட்டிவிட்டுப் போனார்கள்.

"இவை மத்திய அரசின்ர ஆக்கள்," என்று எனக்கு விளக்கினார் அண்ணை, கோப்பியை வாங்கிக்கொண்டு. "ஆரணி வேற."

இனிப் போக நினைப்பவர்களுக்கு. சனிக்கிழமை போனால் சந்தையும் பங்களாவும் ஒரே நாளில் முடியும், மதியத்துக்குப் பிறகுதான் திறப்பதால் நேரத்தை இணையத்தில் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். விளக்கம் பெரும்பாலும் ஜேர்மனில்தான், வாசிக்கச் சிரமப்படுபவர்களோடு பிள்ளைகளில் ஒருவரை அனுப்புங்கள். இரண்டு மணி நேரம் போதும் என்பார்கள், மூன்று வையுங்கள். ஆளுக்கு எங்களுக்கு ஆன செலவு, மாதச் சீட்டைத் தவிர, பதினான்கு யூரோ. மகிழ்ச்சியான இடமா என்று கேட்டால் இல்லை. ஆனால் நான் நிறைந்த மனதோடுதான் வீடு வந்தேன். ஒரு நாட்டுப் பொலிசுக்கு ஒரு தலையா பதினாறு தலையா என்பது பெரிய கேள்விதான், அதற்குப் பதிலை அங்கே சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். அண்ணை மதிலோரம் மகளைக் கேட்ட மற்றக் கேள்விக்குப் பதில் சுவரில் இல்லை. அதனால் உள்ளே பார்த்து முடித்ததும் ரயிலைப் பிடிக்க ஓடாதீர்கள். வெளியே அந்த மதிலோரம் கொஞ்ச நேரம் நில்லுங்கள். கூட வந்தவர் ஏதாவது கேட்கக்கூடும்.