மேசைமேல் முப்பத்தொரு மீட்டர்

பேய் பார்த்தேன் என்று சொல்கிறவர்களை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. பாதிப் பேர் புளுகர்கள். மீதிப் பேர் தூக்கக் கலக்கத்தில் இருந்தவர்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில், நடுக்கடலில், கண்முன்னால் கருவியை வைத்துக்கொண்டு. நம்பவில்லை என்றால் போங்கள். உங்களை நம்பவைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

கடலின் ஆழத்தை அளப்பது என் வேலை. கைக்கு அடக்கமான உலோகக் குழாய்தான் சென்சார். அதற்கு மேலே எவ்வளவு தண்ணீர் நிற்கிறதோ, அவ்வளவு அழுத்தம் அதன்மேல். அந்த அழுத்தத்தை மீட்டராக மாற்றிக் கணினி காட்டும். காற்றில் வைத்தால் பூஜ்யம். பொய் சொல்லத் தெரியாத பொருள். மனிதர்களைவிட அதன்மேல்தான் எனக்கு மரியாதை அதிகம்.

மனிதர்களில் கடைசி இடம் என் தங்கை புருஷனுக்கு. சென்சாரைக் கடலடியில் பொருத்தும் டைவர். ஒரு தடவை முங்கி எழுந்தால் ஒரு வாரத்துக்குக் கதை அளப்பார். சுறாவை முறைத்தாராம், அது திரும்பிப் போய்விட்டதாம். தங்கை அதையும் வாயைப் பிளந்துகொண்டு கேட்பாள். அவளுக்காகத்தான் அவரை வேலைக்குச் சேர்த்தேன். மற்றபடி அவர் பேசும்போது நான் ஏறிட்டுக்கூடப் பார்ப்பதில்லை.

அன்று மாலை நான்கு மணிக்குச் சென்சாரோடு இறங்கினார். படகோட்டி வெளியே பின்பக்கத்தில் நின்றார். நான் படகின் அறைக்குள், மேசை முன்னால். மாப்பிள்ளையின் இடுப்புக் கயிறு ஜன்னல் வழியாக வந்து என் மேசைக்காலில் கட்டியிருந்தது. ஆபத்து என்றால் மூன்று முறை இழுக்க வேண்டும்.

கணினியில் எண் ஏறியது. முப்பத்தொன்றில் நின்றது. தரையைத் தொட்டுவிட்டார்.

பத்து நிமிடம் இருக்கும். பின்னால் ஈரக் காலடி. சொத்... சொத்... யாரோ பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

பாதி வேலையில் ஏறி வந்துவிட்டார் என்று எரிச்சலாக வந்தது. திரும்பவில்லை.

"அதுக்குள்ள மூச்சு முட்டிருச்சா, மாப்பிள்ளை?"

ஜன்னல் கண்ணாடியில் கறுப்பு உடை மங்கலாகத் தெரிந்தது. ஓயாத வாய் ஒரு நாளாவது ஓய்ந்ததே என்று நினைத்துக்கொண்டேன்.

தண்ணீர் சொட்டியது... சொட்டிக்கொண்டே இருந்தது. அழுகிய சேற்று நாற்றம். கயிறு மட்டும் கடலுக்குள் விறைப்பாகவே நின்றது. கீழேயே அவிழ்த்து எதிலோ கட்டிவிட்டு வந்திருப்பார், சோம்பேறி.

அப்போதுதான் மேசையைப் பார்த்தேன். மாற்றுக்கு வைத்திருந்த இன்னொரு சென்சார் அங்கே கிடந்தது. சொட்டு ஈரம் இல்லை. கணினியில் அதன் எண் பூஜ்யமாக இருக்க வேண்டும்.

இரண்டு... ஒன்பது... பதினெட்டு...

காது அடைத்தது.

முப்பத்தொன்று.

மூச்சை இழுத்தேன். நெஞ்சு விரியவில்லை.

படகோட்டியின் குரல் எங்கோ தொலைவிலிருந்து கேட்டது. "சார்... மாப்பிள்ளை மேல வர இன்னும் நேரமாகுமா? குமிழி அதே இடத்துலதான் வந்துட்டிருக்கு."

குமிழி.

மாப்பிள்ளை கீழேதான் இருக்கிறார்.

பின்னால் பெஞ்சு கிறீச்சிட்டது...

பிடரியில் ஐஸ் வைத்த மாதிரி குளிர்.

மேசை குலுங்கியது. கயிறு.

ஒன்று... இரண்டு... மூன்று.

எழுந்து ஓடினேன். திரும்பிப் பார்க்கவே இல்லை.

படகோட்டியும் நானும் சேர்ந்து கயிற்றை இழுத்து மாப்பிள்ளையை மேலேற்றினோம். அவருக்குப் பல் கிட்டிப் போயிருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தார், தோளைத் தொட்டுப் பார்த்தார். அறையில் பெஞ்சு நனைந்திருந்தது. ஆள் இல்லை. தன்னைத் தாண்டி யாரும் உள்ளே போகவில்லை என்று படகோட்டி அடித்துச் சொன்னார். மாற்றுச் சென்சாரைப் பரிசோதனைக்கு அனுப்பினேன். ஒரு பழுதும் இல்லை என்று திரும்பி வந்தது.

மாப்பிள்ளை அதன்பிறகு கடலில் இறங்கவில்லை. ஒரு மாதம் கழித்துத் தங்கை வீட்டுக்குப் போனபோது, எதைக் கண்டு அன்று அப்படிப் பயந்தீர்கள் என்று கொஞ்சம் இளக்காரமாகவே கேட்டேன்.

தங்கை உள்ளே போகும்வரை அவர் காத்திருந்தார்.

"நீங்க அங்க இருந்தீங்க, மச்சான். கடல் தரையில. மேசை முன்னாடி உக்காந்திருந்தீங்க, முதுகுதான் தெரிஞ்சுது. உங்க பின்னாடி ஒருத்தன் எந்திரிச்சு, உங்க கழுத்துக்குக் கைய நீட்டினான்."

அதைப் பார்த்துவிட்டுத்தான் மேலே வரக் கயிற்றை இழுத்தீர்களா என்று கேட்டேன்.

மாப்பிள்ளை இல்லை என்று தலையை ஆட்டினார்.

"நான் மேல வர்றதுக்கு இல்ல, மச்சான். நீங்க எந்திரிச்சு ஓடணும்னு இழுத்தேன்."