நாலே முக்கால் விரல்

கருத்தக்கண்ணன் பொய்யே பேசாதவன் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். வைகையில் ஆளுயரக் கெண்டை பிடித்தேன் என்பான். அடுத்த முறை கேட்டால் மீன் இன்னும் ஒரு சாண் வளர்ந்திருக்கும். ஆனால் இந்தச் சங்கதி மட்டும் வளரவே இல்லை. பத்துத் தடவையாவது கேட்டிருக்கிறேன், ஒரு வார்த்தை கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை. அதனால்தான் இது நடந்தது என்று தைரியமாக எழுதுகிறேன். பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இது பட்டப்பகலில், நல்ல உச்சி வெயிலில் நடந்தது.

எழுபத்தொன்பதாம் வருஷம், மார்கழி மாதம். கீழக்குயில்குடியில் அவனுடைய அத்தை சீனியம்மாள் செத்துப்போனாள். ஐம்பது வயதுதான் இருக்கும். காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். சின்ன வயதில் கிணற்று ராட்டினத்தில் சிக்கி அவளுக்கு வலது கைச் சுண்டுவிரலில் ஒரு கணு போய்விட்டது. "நாலே முக்கா வெரலு" என்று முறைக்காரர்கள் எல்லாம் கேலி செய்வார்கள். அவளும் சளைக்க மாட்டாள். அந்தக் கையாலேயே முதுகில் ஒன்று வைப்பாள்.

ஒரே மகன் வெள்ளைத்துரை. வடக்கே பட்டாளத்தில் இருந்தான். அப்பா செத்தபோது அவனுக்குத் தந்தி தாமதமாகக் கிடைத்தது. அடித்துப் பிடித்து வந்தவன் சாம்பலைத்தான் பார்த்தான். அன்றிலிருந்து சீனியம்மாள் ஊரில் ஒருத்தரையும் விடவில்லை. கல்யாண வீடானாலும் இழவு வீடானாலும் இதே பேச்சு.

"எம் மூஞ்சியவாச்சும் எம்புள்ள பாக்கணும்யா. அவன் வராம என்னயத் தூக்கிறாதீக."

அதனால் பெரியவர்கள் கூடி, மகன் வந்த பிறகுதான் எடுப்பது என்று முடிவு செய்தார்கள். தந்தி போனது. மூன்றாம் நாள் விடியலில் வந்துவிடுவான் என்று கணக்கு. அதுவரை உடம்பு தாங்க வேண்டுமே! ஐஸ் பாளம் வரவழைத்து, மரத்தூளைப் பரப்பி, அதன்மேல் படுக்க வைத்தார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் பாளம் கை தடிமனுக்கு இளைத்திருந்தது. இன்னொன்று உடனே வேண்டும். பஸ்ஸில் கேட்டதற்குக் கண்டக்டர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

"பொணத்துக்கு ஐஸ்ஸா? வேணாம்ணே. மத்தவுக ஏற மாட்டாக."

ஊரில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவன் கருத்தக்கண்ணன் ஒருத்தன்தான். மூன்று கை மாறி வந்த வண்டி அது. சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காகத் தகடுகள் இருக்கும் அல்லவா, காற்று புகுந்து சூட்டை ஆற்றுவதற்கு? அதில் கீழேயிருந்து இரண்டாவது தகடு வலது பக்கம் பாதியோடு உடைந்திருந்தது. அரசரடியில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்த சிஹாபுதீன் போன வாரம்தான் எச்சரித்திருந்தார்.

"மாப்ள, இதுல லோடு ஏத்தாத. சூடானா பிஸ்டன் பிடிச்சுக்கிரும். பிடிச்சா அரை மணி நேரம் சும்மா நில்லு. தண்ணி கிண்ணி ஊத்துனே, சிலிண்டர் வெடிச்சுப்போகும்."

அதெல்லாம் அவனுக்கு நினைவிருந்தது. வேறு வழியும் இல்லை. வைகைக் கரையோர ஐஸ் கம்பெனியில் ஒரு பாளத்தை வாங்கிச் சாக்கில் சுற்றி, தாம்புக் கயிற்றால் பின்னால் இறுக்கிக் கட்டினான். "கல்யாணமா?" என்று கேட்டார் கம்பெனி ஆள். "எழவு" என்றான். அவர் இன்னொரு சாக்கையும் மேலே போர்த்திவிட்டார்.

காளவாசல் தாண்டி, தேனி ரோட்டில் புளியமர நிழலிலேயே வந்தான். நாகமலைப் புதுக்கோட்டையில் ஊர்ப்பாதைக்குத் திரும்பினான். அங்கிருந்து நிழல் கிடையாது. எதிரே சமணர் மலை, சுற்றிலும் அறுத்துப்போட்ட வயல். வண்டிச் சத்தத்தையும் மீறி, சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டுவது அவனுக்குக் கேட்பது போலவே இருந்தது.

சொட்... சொட்... சொட்...

பாதி தூரத்தில் வண்டி ஒரு முறை இழுத்தது. இன்னொரு முறை இழுத்தது. 'கிர்ர்ரக்' என்று ஒரு சத்தம். பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டு, புழுதியில் கோடு கிழித்து நின்றது.

இறங்கி கிக்கரை மிதித்தான். அசையவில்லை. ஏறி நின்று மிதித்தான். கல்லை மிதிப்பது போல இருந்தது. எஞ்சினுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனாலே சுட்டது. கைக்கடிகாரத்தில் மணி பன்னிரண்டு பத்து.

அரை மணி நேரம் நிற்கலாம். அதற்குள் பாளம் பாதியாகிவிடும். தலைச்சுமையாகத் தூக்கலாம் என்றால் ஒற்றை ஆளால் ஆகாது. பாதையில் ஒரு காக்கை குருவி இல்லை. உரும நேரம், உச்சிப் பொழுது. ஆடு மேய்க்கிறவன்கூட ஒதுங்கிவிடுவான்.

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. சாக்கின் ஓரத்தைப் பிரித்தான். கல்லால் தட்டி, ஒரு கைப்பிடி ஐஸை உடைத்தான். செத்தவளுக்கு வாங்கினது. மனது இடித்தது.

"அத்தே... கொஞ்சூண்டுதான்" என்று வாய்விட்டுச் சொன்னான்.

சூடான தகட்டில் வைத்தான். 'ஸ்ஸ்ஸ்' என்று ஆவி கிளம்பியது. ஐஸ் போன இடம் தெரியவில்லை. சூடு துளிகூடக் குறையவில்லை. மறுபடி உடைக்கக் கை போனது... முடியவில்லை. அவள் முகம் கண்ணுக்குள் வந்தது. இதையும் வண்டிக்கே தின்னக் கொடுத்துவிட்டால் வெள்ளைத்துரை எதைப் பார்ப்பான்?

வண்டிக்கு முதுகைக் காட்டி வரப்பில் உட்கார்ந்தான். கோபத்தில் அழுகை வந்தது. என்னிடம் சொன்னபோதும் அவன் அதை மறைக்கவில்லை.

பின்னால் எஞ்சின் ஆறும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. டிக்... டிக்... டிக்...

திடீரென்று அது நின்றது.

தண்ணீர் சொட்டும் சத்தமும் நின்றது.

ஒரு வாடை வந்தது. ஆட்டுத்தலையை நெருப்பில் வாட்டுகிற வாடை. ஆயில் கருகுகிறது என்று நினைத்துத் திரும்பினான்.

எஞ்சினிலிருந்து புகை வரவில்லை. சிலிண்டரின் வலது பக்கம் வெள்ளையாக இருந்தது. சுண்ணாம்பு பூசினது போல. கிட்டே போய்க் குனிந்தான்.

உறைபனி.

மதுரை வெயிலில், உச்சி நேரத்தில், தொட்டால் பொசுங்குகிற தகட்டில்... உறைபனி படிந்திருந்தது.

தான் ஐஸ் வைத்த இடம்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். ஆனால் அவன் வைத்தது இடது பக்கம். தவிர, பனிக்கு ஒரு உருவம் இருந்தது. ஒரு உள்ளங்கை. மேலே விரல்கள்.

தன் கைதான் பட்டிருக்கும் என்று உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தான். அவன் கை பெரிது. அந்தக் கை சின்னது.

சுண்டுவிரல் பாதியில் நின்றது.

கையை எடுக்கப் பார்த்தான்... வரவில்லை. பனியில் ஒட்டிக்கொண்டது. வெடுக்கென்று பிடுங்கினான். தோல் கொஞ்சம் தகட்டிலேயே தங்கிவிட்டது.

கிக்கரை மிதித்தான்.

ஒரே உதை.

ஸ்டார்ட் ஆகிவிட்டது.

மீதி தூரமும் அவன் திரும்பவில்லை. பக்கவாட்டிலும் பார்க்கவில்லை. எஞ்சின் ஓடுகிறது, காலில் சூடு படவில்லை. வலது முழங்காலில் மட்டும் ஜில்லென்று ஏதோ...

அந்த வாடை கூடவே வந்தது.

ஊருக்குள் நுழைந்து வண்டியை நிறுத்தியபோது தகட்டில் ஒன்றும் இல்லை. ஈரம் மட்டும் இருந்தது. சாக்கைப் பிரித்தார்கள். அவன் உடைத்த மூலையைத் தவிர, பாளம் கம்பெனியில் கட்டியபடியே முழுசாக இருந்தது. "நல்ல ஐஸ்ஸா வாங்கியாந்திருக்கான்" என்று ஒருவர் மெச்சினார். கருத்தக்கண்ணன் யாரிடமும் வாய் திறக்கவில்லை. வாசலில் நின்றிருந்த அவன் மனைவி பாண்டியம்மாளும் எதையோ சொல்ல வந்து, கூட்டத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் விடியலில் வெள்ளைத்துரை வந்து சேர்ந்தான். பெட்டியைத் தெருவிலேயே போட்டுவிட்டு ஓடிவந்தான். அம்மா முகம் கொஞ்சம்கூட மாறவில்லை. கன்னத்தோடு கன்னம் வைத்து அழுதான். "தூங்குற மாதிரியில்ல இருக்கு" என்றான். குளிப்பாட்டி, கொள்ளி வைத்து, எல்லாம் முறைப்படி முடிந்தது.

அன்று விளக்கு வைக்கிற நேரம். பாண்டியம்மாள் கருத்தக்கண்ணனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"நேத்து நீங்க ஐஸ் எடுத்து வாரதுக்குக் கொஞ்சம் முந்தி... உச்சி நேரம் இருக்கும். ஒங்க அத்த கைக்கட்டு அவுந்துபோச்சு. வலது கை பொத்துன்னு வெளிய விழுந்துச்சு."

"ம்."

"கட்டிவிடலாம்னு பிடிச்சேன். சுட்டுச்சுங்க."

"என்னடி சொல்ற?"

"ஐஸ்ல கெடந்த ஒடம்பு. அம்புட்டும் ஜில்லுன்னு இருக்கு. அந்தக் கை மட்டும் கொதிக்குது. ஒரு வாடை வேற. கத்துனா எடுத்துப்புடுவாகளோன்னு கம்முனு இருந்தேன். இன்னிக்குக் குளிப்பாட்டுறப்பதான் விரிச்சுப் பாத்தேன்."

அவள் தன் உள்ளங்கையை விரித்து, விரலால் குறுக்கே கோடு போட்டுக் காட்டினாள். ஒன்றன் மேல் ஒன்றாக.

"இப்படி வரி வரியா தீஞ்சு கெடந்துச்சு. சூடு போட்ட மாதிரி. மணிக்கட்டுப் பக்கத்துல இருந்து ரெண்டாவது வரி மட்டும் பாதியோட நின்னுபோச்சு."

பாண்டியம்மாள் ஒரு நாளும் குனிந்து, அந்த வண்டியின் உடைந்த தகட்டைப் பார்த்தவள் இல்லை.

கருத்தக்கண்ணன் அந்த வண்டியை அதற்குப் பிறகு ஓட்டவில்லை. சிஹாபுதீன் பிரித்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சூட்டுல ஐஸ் வச்சேங்கிற, ஒரு கீறல்கூட இல்லையே மாப்ள. பொய்தான?" என்று சிரித்தாராம். இவன் சண்டைக்குப் போகவில்லை. இவனுக்கு வேறு கவலை. செத்த கைக்குச் சுடுமா, சுடாதா என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பான். எனக்கு என்ன தெரியும்?

வெள்ளைத்துரைக்கு இதை இன்றுவரை யாரும் சொல்லவில்லை. அம்மா முகத்தைப் பார்த்துவிட்டோம் என்ற நிம்மதியோடு பட்டாளத்துக்குத் திரும்பினான். கையை அவன் பார்க்கவில்லை. பாண்டியம்மாள் அதை மடக்கிக் கட்டிவிட்டிருந்தாள்.