மாமா, தாதா, கனி பாய்

செம்பூரில் ஒரு டெம்போவின் பின்கதவில் ‘முருகன் துணை’ ஒட்டிக்கொண்டிருந்தேன். ‘ன்’னுக்குப் புள்ளி வைப்பதற்குள் போன் வந்தது. கனி பாய் போய்விட்டார், சாயங்காலமே மாஹிமில் அடக்கம் என்றார்கள். முப்பது வருடத் தொழிலில் என் புள்ளி கோணலாக விழுந்தது அன்று ஒரு நாள்தான்.

தாராவியில் அவரை அறியாதவர் இல்லை. என்னையும்தான். எட்டாம் வகுப்போடு நின்றவன் என்றாலும், மாட்டுங்கா முதல் நெருள் வரை என் ஸ்டிக்கர் ஒட்டாத வண்டி ஓடியதில்லை. என் கடைக்கு இரண்டு கடை தள்ளிக் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்தவர் கனி பாய். அவர் ஒரு வார்த்தை பேசினால் நான் நூறு பேசுவேன். அதனால் எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை.

என் கம்ப்யூட்டரில் இரண்டு சிஸ்டம். ஸ்டிக்கர் வெட்டும் மெஷின் பழைய விண்டோஸில் மட்டும் ஓடும். நான் வரைந்த தமிழ் எழுத்தெல்லாம் லினக்ஸில் இருந்தது. பட்டனை அமுக்கியதும் எது வேண்டும் என்று ஒரு சின்னத் திரை கேட்கும். அப்படிக் கேட்பதற்குப் பெயர் பூட் லோடர். இங்கிலீஷ் எழுத்து என் கண்ணுக்கு ஒத்துவராது என்பதால், பாய் அந்தத் திரையில் தமிழிலேயே எழுதித் தந்தார். லினக்ஸுக்கு ‘மாமா’, விண்டோஸுக்கு ‘தாதா’.

“என்ன பாய், கேலியா?”

“இல்ல அண்ணாச்சி. அந்தத் திரைக்குத் தமிழ் கோக்கத் தெரியாது. கொம்பும் புள்ளியும் எடம் மாறிக் குதிக்கி. காலு மட்டுந்தான் நேரா நிக்கி. காலு மட்டும் வர்ற பேரா யோசிச்சேன்.”

இந்தியாவிலேயே அப்படி ஒரு கம்ப்யூட்டர் என்னிடம்தான் இருந்தது.

செம்பூர்ப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளியில் புதுக் கட்டடத் திறப்பு வந்தது. வகுப்புப் பெயர்ப் பலகைகள் என் பொறுப்பு. முந்தின நாள் காலை விண்டோஸ் தடுமாறியது. பாயைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் பள்ளித் தலைமையாசிரியர் கடையில் உட்கார்ந்திருந்தார். “சார், இது எனக்கு இடது கை வேல” என்று சொல்லி விண்டோஸை நானே திரும்ப ஏற்றினேன். ஏறியது. ஆனால் அந்தக் கேள்வித் திரை வரவே இல்லை. நேராக விண்டோஸ். மாமாவைக் காணோம். பதினைந்து வருட எழுத்தும், நாளைக்கு ஒட்ட வேண்டிய பலகைகளும் அதற்குள்ளே. தலைமையாசிரியர் முகம் வெளுத்தது. அவர் பள்ளிக்குப் போன் பேச வெளியே போனதும் நான் பாயிடம் ஓடினேன்.

பாய் ஒரு பென்டிரைவோடு வந்து, அதிலிருந்து கம்ப்யூட்டரை எழுப்பினார்.

“ஒண்ணும் அழியல அண்ணாச்சி. வீடு அப்படியே இருக்கு, வாசலத்தான் அடச்சிட்டிய. விண்டோஸ் தனியாவே வாழ்ந்த மனுசன் மாதிரி. எப்ப வந்தாலும் வாசல்ல தன் பேர மட்டும் எழுதிக்கிடும். அதான் அத மொதல்ல குடி வெக்கணும், லினக்ஸப் பொறவு. லினக்ஸ் பக்கத்து வீட்டயும் எட்டிப் பாத்துப் பேரு எழுதும்.”

சொல்லிக்கொண்டே இரண்டு வரி அடித்தார். பூட் லோடர் திரும்ப உட்கார்ந்தது. மாமாவும் தாதாவும் வந்து நின்றார்கள்.

தலைமையாசிரியர் உள்ளே வந்து, “யாருங்க சரி பண்ணது?” என்றார்.

“நான்தான்” என்றேன்.

பாய் பென்டிரைவைப் பைக்குள் போட்டுக்கொண்டார். “அண்ணாச்சி இருக்கும்போது டென்ஷன் எதுக்கு சார்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் மேடையில், ‘பலகையையும் காப்பாற்றினார், கம்ப்யூட்டரையும் காப்பாற்றினார்’ என்று எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கூட்டம் ஐயாயிரம் என்று உங்களிடம் சொல்லி வந்திருக்கிறேன். நூற்றைம்பது பேர் இருக்கும். கடைசி வரிசையில் நின்று பாயும் கைதட்டினார்.

பல வருடம் கழித்துத்தான் கேட்க வாய் வந்தது. “ஏன் பாய், அன்னைக்கு ஒரு வார்த்த சொல்லலியே?”

“சொல்லியிருந்தா, அடுத்த தடவ கெடுத்துட்டு என்னயக் கூப்பிட்டிருப்பியளா?”

கூப்பிட்டிருக்க மாட்டேன். அதற்குப் பிறகு ஏழு தடவை கெடுத்தேன். ஏழு தடவையும் கூப்பிட்டேன்.

அடக்கத்துக்கு அந்தத் தலைமையாசிரியரும் வந்திருந்தார். “உங்க தோஸ்த் போயிட்டாரே” என்று என் கையைப் பிடித்தார். அவரிடம்தான் முதலில் சொன்னேன். இப்போது உங்கள் எல்லோரிடமும் சொல்கிறேன். கனி பாய் நினைவாக என் வீட்டில் ஒரு பொன்னாடை இருக்கிறது. அது அவர் தந்ததல்ல. அவர் தோளுக்குப் போயிருக்க வேண்டியது.