காத்துக்குத் தேய்த்த தைலம்

கயா ஜாம் வந்த சின்னக் கண்ணாடிப் போத்தல் அது. மூடிமேல் வெள்ளைப் பிளாஸ்டரை ஒட்டி, நீல மையில் 'முட்டி' என்று அண்ணி எழுதியிருந்தார். அண்ணி இருக்கும் புக்கிட் பெலிம்பிங்கிலிருந்து யார் வந்தாலும் இப்படி ஒரு போத்தல் என் வீட்டுக்கு வந்துவிடும். முட்டிக்கு, தலைக்கு, தோளுக்கு என்று தனித்தனியாக எழுதுவாரே தவிர, உள்ளே இருப்பது ஒரே சரக்குதான் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். கேட்டால், "எழுதி இருந்தாத்தான் அந்த எடத்துல வேல செய்யும் லா" என்பார். முன்பு 'நெஞ்சு' என்றும் ஒன்று இருந்தது. அண்ணன் போன பிறகு அந்தச் சொல்லை மட்டும் அவர் எழுதுவதில்லை.

அண்ணி வீட்டு வேலியோரம் வளர்வது எல்லார் வீட்டிலும் வளர்வதுதான்: கற்பூரவள்ளி, நொச்சி, செரை என்கிற எலுமிச்சைப்புல். காலையில் பறித்துக் கழுவி, ஒவ்வோர் இலையாகத் துடைத்து நிழலில் பரப்பி வைப்பார். ஈரம் ஒரு சொட்டு இருந்தாலும் எண்ணெய் கெட்டுவிடும் என்று அதில் அவ்வளவு கறார். தேங்காயெண்ணெயில் இலைகளைப் போட்டு, தீ எரிகிறதா இல்லையா என்று நாம் குனிந்து பார்க்கும் அளவுக்கு அடுப்பைக் குறைத்து வைப்பார். இலை மொறுமொறுவென்று ஆனதும் வடிகட்டி, தேன்மெழுகைச் சீவிப் போட்டுக் கரைப்பார். ஒரு சொட்டைச் சில்வர் தம்ளரின் முதுகில் விட்டு, ஆறியதும் விரலால் தள்ளிப் பார்ப்பார். வழிந்தால் இன்னும் கொஞ்சம் மெழுகு, கல்லாக நின்றால் இன்னொரு கரண்டி எண்ணெய். சரியாகச் சொன்னால் அது களிம்புதான், ஆனால் நாங்கள் தைலம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். நான் கோலசிலாங்கூரில் ஒரு கிளினிக்கின் பதிவு மேசையில் உட்காருகிறவள். நாளெல்லாம் மாத்திரைகளுக்கு நடுவில் இருக்கிற எனக்கே தும்மல் வந்தால் கை போவது அண்ணியின் போத்தலுக்குத்தான்.

எங்கள் ஆட்களுக்கு உடம்பில் எது வந்தாலும் அது காத்துதான். வயிறு உப்பினால் காத்து, தோள் பிடித்தால் காத்து, தலை சுற்றினால் அதுவும் காத்து. நான்கு வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை மத்தியானம், கிளினிக்கில் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தபோது அண்ணி போன் செய்தார். அண்ணனுக்கு நெஞ்சை அடைக்கிறதாம், காலையில் மரவள்ளிக்கிழங்கு சாப்பிட்டாராம். "காத்துதான் அண்ணி. தைலத்த நல்லா சூடு பறக்கத் தேய்ங்க, வேல முடிஞ்சு நான் வந்து பாக்கறேன்" என்றேன். டாக்டர் அடுத்த அறையில்தான் இருந்தார். கதவைத் தட்டி ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவில்லை. நான் வேலை முடிந்து கிளம்புவதற்குள் அண்ணன் போய்விட்டார்.

சாவு வீட்டிலேயே பேச்சு ஆரம்பித்துவிட்டது. "ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகாம எலையத் தேய்ச்சிக்கிட்டு இருந்தாளாம்" என்று பெரியம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அண்ணி வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கிறாரே என்று நன்றியாக இருந்தது, வெட்கமாக இருந்தது, சில நாள் அவர்மேல் எரிச்சலாகக்கூட இருந்தது. ஒவ்வொரு போத்தல் வரும்போதும் குழம்பிப்போவேன். மன்னித்துவிட்டேன் என்கிறாரா, மறந்துவிடாதே என்கிறாரா, இல்லை நாத்தனாருக்கு முட்டி வலி என்று வெறுமனே தைலம்தான் அனுப்புகிறாரா? கேட்க எனக்குத் தைரியம் கிடையாது. கோழை என்றால் நான்தான்.

இந்த வருடம் அண்ணனின் திதிக்குப் போயிருந்தோம். சாப்பாட்டுப் பந்தியில் பெரியம்மா மறுபடியும் அந்த இலைப் பேச்சை எடுத்தார். எங்கிருந்துதான் வேகம் வந்ததோ, நான் சோற்றில் கையை வைத்தபடியே சொல்லிவிட்டேன். "தேய்க்கச் சொன்னது நான். அண்ணி எனக்குப் போன் பண்ணாங்க, காத்துதான்னு நான்தான் சொன்னேன்."

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த அண்ணி நிமிர்ந்தார். "போன் பண்ணேன், மூணு தடவ பண்ணேன். நீ எடுக்கலயேம்மா" என்றார். உப்பு எவ்வளவு போட்டேன் என்று சொல்கிற குரலில்தான் சொன்னார்.

பெரியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா, அண்ணிக்காகப் பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிறா. நாத்தனாருன்னா இவள மாதிரி இருக்கணும்" என்று சொல்லி, என் இலையில் இன்னொரு வடை வைக்கச் சொன்னார். நான்கு வருடம் பூட்டி வைத்த உண்மையைச் சொன்னதற்கு எனக்குக் கிடைத்தது நல்ல பெயர்.

பந்தி முடிந்ததும் பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அண்ணியிடம் போய் நின்றேன். "உண்மையச் சொல்லுங்க அண்ணி, எனக்காகத்தானே அப்படிச் சொன்னீங்க?" என்றேன். "நடந்ததத்தான் சொன்னேன்" என்றார். அன்றைக்குக் கிளினிக்கில் என் பின்னால் ஒரு குழந்தை வீரிட்டு அழுததும், அண்ணியின் மூச்சு போனில் இரைந்ததும் எனக்கு இப்போதும் கேட்கிறது. ஆனால் எடுக்காத அழைப்புகளைப் பிறகு பார்த்து, நான் என்ன சொல்லியிருப்பேனோ அதைச் சொன்னதாகவே நினைத்துக்கொண்டேனோ? அந்தப் போன் பழுதாகி எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது. அவர் என்னைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாரா, நான்தான் இத்தனை காலம் எனக்கே ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தேனா, ஒன்றும் பிடிபடவில்லை. எதை நம்பினாலும் தப்பு என் பக்கம்தான் வந்து நின்றது.

அண்ணி குழாயை மூடினார். "சரி, எடுத்திருந்தா என்ன சொல்லியிருப்ப?"

"காத்துதான், தைலத்தத் தேய்ங்கன்னு சொல்லியிருப்பேன்" என்றேன்.

"நானும் அதான் நெனச்சேன்" என்றார் அண்ணி. "அதான் தேய்ச்சேன்."