பதக்கத்தின் விளிம்பு

உலோகத்தை அரம் கொண்டு ராவும்போது புளிப்பாக ஒரு வாசனை எழும். பத்து வயதில் அதை நான் முதன்முதலாக முகர்ந்தது என் தாத்தாவின் ராணுவப் பதக்கத்தில். அதன் விளிம்பில் வெட்டியிருந்த எழுத்துகளை, அப்பாவின் சைக்கிள் சாமான் டப்பாவிலிருந்து எடுத்த அரத்தால், ஒரு பிற்பகல் முழுக்க உட்கார்ந்து ராவி அழித்தவன் நான். யாரும் தூண்டவில்லை, தெரியாமலும் செய்யவில்லை.

அப்போது நாங்கள் தில்லி லோதி ரோட்டில் அரசுக் குடியிருப்பில் இருந்தோம். அப்பா ஓர் அமைச்சகத்தில் குமாஸ்தா. அவரைப் பெற்றவரான தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். இரண்டாம் உலகப் போரில் பர்மா எல்லை வரை போய்வந்தவர். துப்பாக்கியைத் தொட்டதில்லை, பட்டாளத்துக்கு முடிவெட்டிச் சவரம் செய்துவிடுவது அவர் வேலை. பட்டாளத்தில் கொடுத்த காகிதங்களை ஊரில் கரையான் தின்றுவிட்டதால், அவர் போருக்குப் போனதற்கு மிஞ்சிய ஒரே சாட்சி ராஜாவின் தலை பொறித்த அந்த வெள்ளைப் பதக்கம்தான். அதன் விளிம்பைச் சுற்றி அவருடைய எண், வேலை, பெயர் மூன்றையும் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் வெட்டியிருந்தார்கள். தாத்தாவுக்கு எழுத்து தெரியாது. கட்டைவிரலால் தடவித் தடவியே தன் பெயர் எங்கே தொடங்குகிறது என்று சொல்லிவிடுவார்.

குடியிருப்பில் யாருக்கும் முடிவெட்டக் கூடாது என்பது அப்பா போட்ட உத்தரவு. என் தலைக்கு மட்டும் விலக்கு. குளிர்கால ஞாயிறுகளில் பின்கட்டு வெயிலில் என்னை உட்காரவைத்து, கத்தியும் கத்தரியும் படிகாரக் கட்டியும் வைத்த தோல்பையை, அவர் சொல்லில் 'அடப்பத்தை', விரித்தாரென்றால் பர்மாக் கதைகளும் கூடவே வரும்.

"நாளைக்குச் சண்டைன்னா இன்னைக்கு அம்புட்டுப் பயலுவளும் வரிசையா வந்து உக்காந்திருவானுவ. செத்தாலும் மூஞ்சி லச்சணமா இருக்கணும்லா?"

"நீங்க ஒருத்தனையும் சுடலையா தாத்தா?"

"சுடுவானேன்? கர்னல் கழுத்துலயே கத்தி வச்சவன்ல நான்! தலைய ஆட்டாதல, காது போயிரும்."

இதையெல்லாம் பள்ளியில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. தாத்தா இயந்திரத் துப்பாக்கி சுட்டவர், ஆபீசர் என்று அளந்துவிட்டேன். என் பெஞ்சில் உட்கார்ந்த கோபுவின் மாமா ராணுவத்தில் இருந்தார். "மெடல் ஓரத்துல பேரும் வேலையும் வெட்டியிருக்கும்னு மாமா சொன்னார். கொண்டா, பார்க்கலாம். இல்லேன்னா நீ சொல்றதெல்லாம் புளுகுடா" என்றான் அவன்.

அன்று பிற்பகல்தான் அரத்தை எடுத்தேன். வேலையை மட்டும் அழித்தால் சந்தேகம் வரும் என்று எல்லாவற்றையும் அழித்தேன்.

"என்னடா, மொழுக்குன்னு இருக்கு?" என்றான் கோபு மறுநாள்.

"பெரிய ஆபீசருக்கெல்லாம் பேர் வெட்ட மாட்டாங்க. அவங்களைத்தான் எல்லாருக்கும் தெரியுமே."

நம்பிவிட்டார்கள். ஒரு வாரம் நான் வகுப்பில் ராஜா.

ஜனவரி இருபத்தாறு வந்தது. ஆண்டுக்கு ஒருமுறை, அணிவகுப்பு பார்க்கப் போகும் அந்த விடியற்காலையில் மட்டும், தாத்தா கோட்டில் பதக்கத்தைக் குத்திக்கொள்வார். அன்று அதைக் கையில் எடுத்தவரின் கட்டைவிரல் விளிம்பில் ஒரு சுற்று சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. பிறகு என்னைப் பார்த்தார். அப்பா "என்னப்பா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல. போட்டுப் போட்டுத் தேஞ்சு போச்சு" என்று சொல்லிவிட்டு அதைக் குத்திக்கொண்டு கிளம்பினார். அடுத்த ஞாயிறு வழக்கம்போல என்னை வெயிலில் உட்காரவைத்தார். பின்கழுத்தில் கத்தி எப்போதும்போல நிதானமாக ஏறியது. அன்று பர்மாக் கதை மட்டும் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் போய்ச் சேரும்வரை, ராவியதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமலே இருந்துவிட்டேன்.

நான் ஓய்வு பெற்று மயூர் விஹாரில் குடியேறிய பிறகு, தாத்தா எந்தப் பிரிவில் இருந்தார் என்று கேட்டு ராணுவ ஆவண அலுவலகத்துக்கு எழுதினேன். எண் இருந்தால் தேடலாம் என்று மரியாதையாகப் பதில் வந்தது. எண், நான் அன்று ஊதித் தள்ளிய தூளோடு போய்விட்டது. அப்படியானால் தெரிந்ததையாவது திரும்ப எழுதலாம் என்று பழைய தில்லிச் சந்து ஒன்றில், உலோகத்தில் பெயர் வெட்டுகிறவரிடம் பதக்கத்தைக் கொண்டுபோனேன். தாத்தாவின் வேலையை நான் சொன்னதும் அவர் சிரித்தார்.

"பாபுஜி, மேஜர்னு வெட்டிடட்டுமா? யார் கேக்கப்போறா?" என்றார் இந்தியில்.

"பார்பர் என்றே வெட்டுங்கள். முன்னால் எண்ணுக்கு இடம் விட்டுவிடுங்கள்."

இந்தக் குடியரசு தினத்தில், எங்கள் அடுக்ககக் கொடியேற்றத்துக்கு அதைச் சட்டையில் குத்திக்கொண்டு போனேன். கேட்டவர்களிடமெல்லாம் தாத்தாவின் வேலையைச் சொன்னேன். சிலர் தலையாட்டிவிட்டு லட்டு வாங்கப் போனார்கள். கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தவர் மட்டும் அருகே வந்து கை நீட்டினார். கீழே மார்க்கெட்டில் எனக்கு முடிவெட்டும் பிகார்க்காரர் அவர். "நம்ம ஆளு பட்டாளத்துல இருந்தாரா!" என்று பதக்கத்தை வாங்கி, கட்டைவிரலால் விளிம்பை ஒரு சுற்று சுற்றினார். தாத்தாவுக்குப் பிறகு அப்படித் தடவிய வேறு விரலை நான் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் கடைக்குப் போனபோது காத்திருந்தவர்களிடம் கதையைச் சொல்லி என்னை முதலில் உட்காரவைத்தார். "முன்னால கொஞ்ச இடம் மொழுக்குன்னு இருக்கே பாபுஜி, தேஞ்சு போச்சா?"

"தேயவில்லை. நான்தான் ராவினேன்" என்று, ஏன் என்பதையும் சேர்த்து, கடையில் எல்லோரும் கேட்கச் சொன்னேன்.

அவர் என் தலையைப் பிடித்து நேராக்கினார்.

"தலையை ஆட்டாதீங்க" என்றார் அவர். பிறகு காதோரம் வெட்டத் தொடங்கினார்.