அப்புறம் என்ன ஆச்சு?

சுகாதாரத் துறையின் படப்பிரிவில் பதினெட்டு வருஷமாக அவள்தான் எடிட்டர். ஜன்னல் இல்லாத அறை, இரண்டு திரை, கிரீச்சிடும் நாற்காலி ஒன்று. அவள் வெட்டி ஒட்டிய படங்கள் ஆஸ்பத்திரிக் கூடங்களில் ஓடும். ஜனங்களோ டோக்கன் எண் வரும் பலகையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். செவிடன் காதில் ஊதிய சங்குதான், வேறென்ன!

அதனால் அவளுக்கு ஒரு பழக்கம். புதுப் படம் தயாரானால் காவலாளி, கேன்டீன்காரர், துப்புரவுக்காரம்மா என்று பத்துப் பேரைப் பிடித்து உட்கார வைப்பாள். மெஷினுக்குத் தூசி ஆகாது, செருப்பை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். பாதிப் படத்தில், "மெஷின் நின்னுபோச்சு" என்று நிறுத்துவாள். யாராவது "அப்புறம்?" என்று கேட்டால் படம் பிழைத்தது. எழுந்து செருப்பைத் தேடினால் மறுபடி முதலிலிருந்து வெட்டி ஒட்டுவாள்.

காசநோய்ப் படத்துக்கு மூன்று தடவை செருப்பைத் தேடிவிட்டார்கள். ஆலோசகரான டாக்டருக்குப் படத்தில் சதவீதக் கணக்கு இல்லாவிட்டால் சோறு இறங்காது. கிருமியை இளஞ்சிவப்பில் வரையச் சொல்லியிருந்தார். "கிருமி லட்சணமா இருக்கும்மா" என்று பாராட்டிவிட்டுப் போனார் கேன்டீன்காரர்.

அந்த வாரம்தான் அண்ணி போன் செய்தாள். பஸ் ஓட்டும் அண்ணன், இருமல் நின்றதும் காசநோய் மாத்திரையை நிறுத்தி மூன்று வாரமாகிறதாம். "நான் சொன்னா எரிஞ்சு விழறாரு. சின்னவ வேற அவர் மடியை விட்டு இறங்கறதில்ல. நீயாவது கேளேன்."

கேட்டாள். "உடம்பு கல்லு மாதிரி இருக்கு, போடி" என்றான் அண்ணன். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவள் சொந்த அண்ணனிடம் தோற்றாள். பயமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது.

மறுநாள் டாக்டரிடம் போய் நின்றாள். "சதவீதமெல்லாம் வேண்டாம் சார். ஒரே ஒரு ஆள் போதும். இருமல் நின்னதும் மாத்திரையை விட்டுடறான்."

"இதுல அறிவியல் எங்கம்மா?"

"அவன் நெஞ்சுக்குள்ள சார். இருமல்தான் போச்சு, கிருமி போகல. அதை அவன் தெரிஞ்சுக்கறப்பவே ஜனங்களும் தெரிஞ்சுக்கட்டும்."

டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். "சரி. ஆனா ஒரு தகவலும் தப்பா வரக்கூடாது."

படத்தில் ஒரு பெயின்டர். நன்றாகிவிட்டது என்று மாத்திரை டப்பாவை அலமாரி மேல் தூக்கிப் போடுகிறான். சில மாதத்தில் ஏணியில் நிற்கும்போது இருமல் திரும்புகிறது. தண்ணீர் கொண்டுவரும் அவன் சின்ன மகளும் இருமுகிறாள்.

அங்கே நிறுத்தினாள்.

"டீ வாங்கித் தரேன், வா" என்று அன்று அண்ணனையும் அழைத்து வந்திருந்தாள். கடைசி வரிசையிலிருந்து அவன் குரல்தான் முதலில் வந்தது. "அப்புறம்? அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சு?"

மீதிப் படம் விரலுக்கடியில் தயாராக இருந்தது. அவள் பொத்தானை அழுத்தவில்லை.

"மெஷின் நின்னுபோச்சுண்ணே."

"விளையாடாதே. பொண்ணுக்கு ஒண்ணும் ஆகலியே?"

"அது அவங்கப்பன் கையிலதான் இருக்கு."

அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "மாத்திரை தர்ற இடம் எத்தனை மணி வரைக்கும்?"

"நாலு மணி."

அவன் எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினான். பதினெட்டு வருஷத்தில் படம் பாதியில் நிற்க ஒருவர் செருப்பைத் தேடியதற்காக அவள் சந்தோஷப்பட்டது அன்றுதான்.